பின்வாசலில் வெள்ளைக் கோட்டு

தியாகதுருகம்
11.8.2024

அன்பு மருமகள் செந்தமிழ்ச்செல்விக்கு,

உன் தாய்மாமன் ஆதிமூலம் எழுதுவது. நீ சுகமாக மலையேறிச் சேர்ந்துவிட்டாய் என்பதை வெள்ளிமலை பஸ் கண்டக்டரை நிறுத்தி விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உன் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்கிறாள். அவளிடமே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பப் பார்த்தேன். மதிக்கவில்லை. ஆகவே கடுதாசி.

நீ சமூகப்பணி படிக்கப் போய் ஒரு பருவம் முழுக்க மலையில் தங்கப் போகிறாய் என்றதும் உங்கம்மா அழுதாள். நான்தான் சொன்னேன், "எக்கா, கீழ அவ மாமன் ஒரு யூனிவர்சிட்டியையே பாத்துக்கினு கெடக்கறான். அவ ஒரு மலையப் பாத்துக்க மாட்டாளா" என்று.

இங்கே உன் பல்கலைக்கழகத்தில் ஒரே அமர்க்களம். 'அனைவருக்கும் நலம்' என்று பெரிய திட்டம் தொடங்கிவிட்டார்கள். காலையில் யோகா, மாலையில் நடைப்பயிற்சி, மனசு சரியில்லாதவர்களுக்குப் பேச்சு ஆலோசனை. வாசலில் யானை உயரத்துக்கு ஒரு பேனர். துவக்க விழாவில் துணைவேந்தர் குத்துவிளக்கை ஏற்றப் போனவர் என்னைப் பார்த்து, "ஆதிமூலம், நீங்க இல்லாம எப்படி" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

சுகாதார நிலையம் என் தலைமேல்தான் நிற்கிறது. சம்பளப் பட்டியலில் உதவியாளர், டோக்கன் கொடுப்பவர் என்று போட்டிருக்கும். அது ஆபீஸ்காரர்களின் அறியாமை. டாக்டரம்மாவுக்கு வந்த புதுக் கோட்டு தொளதொளவென்று இருந்ததால் எனக்கே கொடுத்துவிட்டார். அவர் தூக்கிப் போட்ட பழைய ஸ்டெதாஸ்கோப்பும் இப்போது என் கழுத்தில்தான். குழாய் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிவிட்டேன். ஜெர்மனிக்காரன் பார்த்தால் அசந்து போவான்.

முன்வாசலில் அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் வருவார்கள், பேராசிரியர்கள், பிள்ளைகள். பின்வாசலில் எனக்கென்று தனிக் கூட்டம். கூட்டிப் பெருக்கும் பெண்கள் எல்லாம் அங்கே வந்துதான் நிற்பார்கள். அவர்களுக்கு அட்டை இல்லை, ஆதிமூலம் உண்டு. தலைவலியா, காய்ச்சலா, கேட்டு முடிப்பதற்குள் கையில் மாத்திரை. டாக்டரம்மாவைத் தொந்தரவே செய்வதில்லை.

எது வேண்டுமானாலும் மாமனுக்கு எழுது.

ஆதிமூலம்


வெள்ளிமலை வழி
26.8.2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை இங்கே இருக்கும் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஜெர்மனிக்காரன் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். துணைவேந்தர் சொன்னதை நான் நம்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஊர் வெள்ளிமலையில் இறங்கி நடக்க வேண்டிய தூரம். சாமை பச்சைப் பசேலென்று நிற்கிறது. மழை வந்தால் கரண்டு போகிறது, வராவிட்டாலும் போகிறது. சிக்னல் வேண்டுமென்றால் கரியராமர் கோயில் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். அங்கும் பாதி வார்த்தைதான் வரும்.

இப்போது எழுதுவது ஒரு முக்கியமான காரியத்துக்காக. பக்கத்து வீட்டு முருகவேலின் மனைவி வெள்ளச்சி நம் பல்கலைக்கழகத்தில்தான் பெண்கள் விடுதியைக் கூட்டுகிறார். கீழே மற்ற வேலைக்காரப் பெண்களோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு எப்போதாவது மேலே வருவார். போன முறை வந்தபோது நான் பார்த்தேன். இருமல் விடவே இல்லை. ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போயிருக்கிறார். பல வாரமாக இப்படித்தான் என்கிறார்கள். அவர்களுடைய மகள் சிவரஞ்சனிக்கு ஐந்து வயது. அம்மா வந்தால் அவளை ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

முருகவேல் களையெடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கீழே வந்து, வெள்ளச்சியைக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றார். நான்தான் நிறுத்தினேன். "எங்க மாமா அங்கயே சுகாதார நிலையத்துல இருக்காருங்க, அவரு டாக்டர்கிட்ட காட்டிட்டு எழுதுவாரு" என்று சொன்னேன்.

மாமா, வெள்ளச்சியை டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். உங்கள் பதிலுக்காக அவர் காத்திருக்கிறார்.

செல்வி


தியாகதுருகம்
6.9.2024

அன்பு மருமகளே,

காரியம் முடிந்தது.

உன் கடுதாசி கைக்கு வந்த மறுநாளே வெள்ளச்சியை முன்வாசல் வழியாகவே அழைத்துப் போனேன். பெஞ்சில் இருந்த பேராசிரியர்கள் எழுந்து வழி விட்டார்கள். டாக்டரம்மா குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, "வாங்கம்மா, ஆதிமூலம் சாருக்கு வேண்டியவங்களா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, எல்லாப் பக்கமும் எக்ஸ்ரே. சளியை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். அன்று சாயந்திரமே பதில் வந்துவிட்டது. நுரையீரல் இரண்டும் புதுத் தவில் மாதிரி இருக்கிறதாம். கூட்டும்போது தூசு போகிறது, அந்த இருமல்தான். டானிக் கொடுத்திருக்கிறோம்.

முருகவேலிடம் சொல்லிவிடு, பெரியாஸ்பத்திரிக்கெல்லாம் அலைய வேண்டாம். களையெடுப்பைப் பார்க்கச் சொல். ஆதிமூலம் வார்த்தை.

மலைத்தேன் நன்றாக இருக்கும் என்று கேள்வி.

உன் மாமன்


வெள்ளிமலை வழி
19.9.2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை முருகவேலிடம் வாசித்துக் காட்டினேன். சென்னை, தவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டாக்டர் பார்த்தார், நோய் ஒன்றுமில்லை என்பதை மட்டும் வாசித்தேன். உங்கள் சோடனையை எங்கே உரித்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து உரிக்கிறேன்.

அவர், "நீ சொன்னா சரிம்மா" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஊர்க்கவுண்டர் வந்து, "உங்க மாமனப் பெத்தவ நல்லா இருக்கணும்" என்றார். தேன் கொடுத்தனுப்புகிறேன். இது முருகவேல் தானே பாறையில் இறங்கி எடுத்தது.

இங்கே எனக்குத் தூக்கம் சரியாக வராமல் இருந்தது. அந்த இருமல் சத்தம் காதிலேயே இருந்தது. இப்போது பரவாயில்லை.

செல்வி


தியாகதுருகம்
20.10.2024

அன்பு மருமகளே,

தேன் வந்தது, போயும் விட்டது. அப்படியொரு தேன். ஆபீஸ் முழுக்க விரலை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். துணைவேந்தருக்கும் ஒரு கரண்டி போயிருக்கும் என்று வைத்துக்கொள்.

நலவாழ்வு விழா தடபுடலாக நடந்தது. மைதானத்தில் ஆயிரம் பேர், நீ லட்சம் என்றே சொல்லலாம், ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து விட்டார்கள். தியாகதுருகம் மலைக்கோட்டையில் கொடி ஆடியதாகச் சொல்கிறார்கள். விடியலிலேயே மைதானத்தைக் கூட்டிச் சுத்தம் செய்தவர்கள் நம் பின்வாசல் பெண்கள்தான். அவர்களும் ஓரமாக நின்று மூச்சு விட்டார்கள். படம் எடுக்க வந்தவர் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

வெள்ளச்சியைக் கொஞ்ச நாளாக வேலையில் காணோம். ஓய்வெடுக்கிறாள் போலிருக்கிறது. நல்லதுதான்.

தீபாவளிக்கு வருவாய் அல்லவா?

ஆதிமூலம்


கள்ளக்குறிச்சி
12.11.2024

மாமா,

தீபாவளிக்கு நான் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டிருப்பார். காரணத்தை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள், முடிந்தால் எதையும் சேர்க்காமல்.

கூட்டும் பெண்களை வேலைக்கு வைத்த மேஸ்திரி வெள்ளச்சியை நிறுத்திவிட்டாராம். இருமுகிறவள் கூட்டினால் விடுதிப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்களாம். அவர் பஸ்ஸில் வெள்ளிமலை வந்து, நடக்க முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். முருகவேல்தான் போய்த் தூக்கி வந்தார். அன்று மாலை இருமியபோது முந்தானையில் ரத்தம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாதீங்க. டாக்டரம்மா எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பாத்தாங்க இல்ல" என்றேன்.

"டாக்டரம்மாவா? எந்த டாக்டரம்மாவும் என்னப் பாக்கலியே. எங்களப் பாக்கறது ஆம்பள டாக்டரு."

"எந்த ஆம்பள டாக்டரு?"

"பின்னாடி வாசல்ல குந்திக்கினு இருப்பாரே, வெள்ளக் கோட்டு போட்டுக்கினு. கழுத்துல தொங்கற கொழாயில சைக்கிள் டியூப்பு சுத்தியிருக்கும். தங்கமான மனுசன். எங்கள சிரிக்க வச்சிக்கினே மாத்திரை குடுப்பாரு. எனக்குக் கூட முதுவுல வச்சி ரொம்ப நேரம் பாத்தாரு. 'உனக்கு இன்னா நோவு, நூறு வருசம் இருப்ப'ன்னாரு."

முருகவேல் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. "உங்க மாமா கடுதாசி எழுதனாருன்னு சொன்னியேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எனக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜீப் பிடித்துக் கீழே கொண்டுவந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். காசநோய். சளிச் சோதனைக்கு ஒரு சின்ன டப்பாதான் கொடுத்தார்கள் மாமா. ஆகஸ்டிலேயே அதைக் கொடுத்திருக்கலாம். ஒரு பக்க நுரையீரல் ரொம்பக் கெட்டுவிட்டது, பிழைக்க வைக்கப் பார்க்கிறோம் என்கிறார் டாக்டர். சிவரஞ்சனியையும் சோதிக்கிறார்கள்.

நீங்கள் என்னிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறீர்கள். நான் சிரித்திருக்கிறேன். இந்தப் பொய்யை என் வாயால் சொல்ல வைத்தீர்கள். பெண்டாட்டியைக் காப்பாற்றக் கிளம்பியவரை நான் நிறுத்தினேன். என்னை நம்பி நின்றார்.

இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது. உங்கள் குரலைக் கேட்க விருப்பமில்லாததால் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டேன். அதில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன்.

செந்தமிழ்ச்செல்வி


தியாகதுருகம்
18.11.2024

செந்தமிழ்ச்செல்விக்கு,

அந்தப் பெயரை வைத்தவன் எழுதுவது.

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் என் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கீழே சட்டையில் ஒரு கிழிசல். கழற்றிக் கொடுத்துவிட்டு, கையால் அதை மறைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். ஆள்மாறாட்டமாம். கூட வேலை செய்த தங்கதுரை, நான் வாங்கிக் கொடுத்த டீயைத் தினம் குடித்தவன், என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்குக் காது குத்தினார்கள். அந்தக் காதால் என் பக்கத்தை ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஊரான் எழுதியிருந்தால் பொறுப்பேன். என் அக்கா மகள் எழுதினாள் என்று ஆபீசில் வாசித்தார்கள்.

வெள்ளச்சியை முன்வாசல் வழியாக அழைத்துப் போனேன் என்று எழுதினேனே, அது பொய்யில்லை. போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள், அதுவும் நிஜம். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். டாக்டரம்மா காப்பியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, "ஆதிமூலம், இவங்க கான்ட்ராக்டு. இவங்களுக்கெல்லாம் இங்க பாக்கறது கெடையாதுன்னு எத்தினி தபா சொல்றது? இவங்க மேஸ்திரி பாத்துப்பாரு, கூட்டிக்கினு போங்க" என்றார். ஆபீஸ் உத்தரவாம். வெள்ளச்சி துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழாத மாதிரி நின்றாள்.

பின்னால் அழைத்துப் போய் நான்தான் குழாயை வைத்துப் பார்த்தேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? கூட்டுகிற ஒருத்தியை உள்ளே அனுப்ப முடியாத ஆள்தான் உன் மாமன் என்றா? நீ அந்தப் பெண்களுக்கெல்லாம் என் கடுதாசியை வாசித்துக் காட்டியிருக்கிறாய். இருமல்தானே, தானாக அடங்கும் என்று நினைத்தேன்.

இத்தனை வருடம் அந்தப் பெண்களுக்கு ஒரு மாத்திரை கொடுக்கவும் ஆளில்லை. நான் கொடுத்தேன். அது குற்றமா? கொடுக்காதவர்கள் எல்லாம் நாற்காலியில் இருக்கிறார்கள். கொடுத்தவன் வீட்டில் இருக்கிறான். இதுதான் உன் சமூகப்பணி.

ஆதிமூலம்


கள்ளக்குறிச்சி
2.12.2024

மாமா,

வெள்ளச்சி எழுந்து உட்கார்கிறார். கஞ்சி குடிக்கிறார். மாத்திரை பல மாதம் தொடர வேண்டும். சிவரஞ்சனிக்கு நோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். அது கசப்பு என்று தினம் ஓடி ஒளிகிறாள். முருகவேல் இப்போதும் என்னோடு பேசுவதில்லை.

புகாருக்குப் பதில் வந்தது. உதவியாளர் ஒருவர் டாக்டர் வேடம் போட்டு ஏமாற்றினார், அவரை நீக்கிவிட்டோம், மற்றபடி சுகாதார நிலையம் அனைவருக்கும் திறந்தே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டும் பெண்கள் யாரும் இதுவரை டாக்டரைக் கேட்டு வந்ததே இல்லையாம். நான் உங்களைத் தண்டிக்க மட்டும் எழுதவில்லை மாமா. ஆனால் அவர்களுக்கு உங்களைத் தண்டித்தது போதுமாக இருக்கிறது. என் புகாரை வைத்தே கதவை மூடிவிட்டார்கள். வெள்ளச்சியோடு கூட்டும் ஆண்டாள் அக்காவுக்குக் காலில் ஆறாத புண். பின்வாசலைப் பூட்டிவிட்டதால் அவர் இப்போது எங்குமே போவதில்லை.

நான் மறுபடி எழுதிக் கேட்டதில், பத்தாம் தேதி விசாரணைக் குழு உட்காருகிறது. நீங்கள் வர வேண்டும்.

வெள்ளச்சியை முன்வாசலில் நிறுத்தி டாக்டரம்மா சொன்னதை அவர் எதிரிலேயே சொல்ல வேண்டும். அந்த உத்தரவு உண்டு என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் உங்கள் வழக்கப்படி சொன்னால் ஒரே ஒரு தவில் போதும், மொத்தத்தையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள். துணைவேந்தர் உங்களைக் கூப்பிடவில்லை. பேராசிரியர்கள் வழிவிடவில்லை. அந்த நிலையத்தில் உங்களுக்கு ஒரு செல்வாக்கும் இல்லை. இதையெல்லாம் அவர்கள் கேட்டால், ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

இதைச் செய்தால் நான் உங்களை மன்னித்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். அது வேறு.

செல்வி


தியாகதுருகம்
5.1.2025

செல்விக்கு,

விசாரணைக்கு நான் போனது உனக்குத் தெரியும். நீ பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்து தேடினேன், போய்விட்டிருந்தாய். நீ உட்கார்ந்த இடத்திலிருந்து எவ்வளவு கேட்டது என்று தெரியாததால் எழுதுகிறேன்.

குழுவில் ஒருவர் கேட்டார், "இந்த நிலையத்தில் உங்க வேலை என்ன?"

"டோக்கன் குடுக்கறதுங்க."

"வேற?"

"வேற ஒன்னும் இல்லீங்க."

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கும் மேலிருந்து வந்த உத்தரவுதான் அது என்று அவரே சொன்னார். என் பொய்க் கடுதாசியைப் பற்றியும் கேட்டார்கள். எழுதினேன் என்றேன். ஒருவர் சிரித்தார். எனக்கு வேலை திரும்ப இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போன திங்கட்கிழமையிலிருந்து கூட்டுகிற பெண்களுக்கும் முன்வாசலில் டோக்கன் கொடுக்கிறார்களாம். ஆண்டாளின் காலை டாக்டரம்மா பெஞ்சில் தூக்கி வைக்கச் சொல்லிப் பார்த்தாராம். ஆண்டாள் சொன்னாள். நான் பார்க்கவில்லை. கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

நேற்று பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வெள்ளச்சி மாத்திரை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் தேறியிருக்கிறாள். முருகவேல் தூரத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவள் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "டாக்டரே, இங்கயும் வந்துட்டீங்களா" என்றாள். அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீயும் சொல்லவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். இதை நான் சோடிக்கவில்லை, உண்மையிலேயே விட்டார்கள்.

"டாக்டரு இல்லம்மா நானு. டோக்கன் குடுத்துக்கினு இருந்தவன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் எப்போதும் போல வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"அப்ப அன்னிக்கு எம் முதுவுல வச்சிக்கினு அம்மாம் நேரம் கேட்டியே. இன்னா கேட்டுது?"

"ஒன்னும் கேக்கல."

வரிசை நகர்ந்தது. அவள் முன்னால் போய்விட்டாள்.

ஆதிமூலம்